பொருள்: ‘பிறீ வில்’ – கடவுளுக்கும் மனிதருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

கிளிநொச்சி ரீச்சர், செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு பொது வகுப்பு எடுக்கிறேன் என்பது சிலருக்குத் தெரியும். இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், அளவையியல் படிக்கிறவர்கள் கலந்து இருப்பார்கள். இந்த முறை ஓர் ஆங்கிலக் கைநூலின் அத்தியாயத்தைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். அத்தியாயம் கேட்பது இதுதான்: கடவுளுக்கு ‘பிறீ வில்’, அதாவது கட்டாயமில்லாமல் தானே விரும்பித் தெரிவுசெய்கிற ஆற்றல், உண்டா? உண்டென்றால் உலகத்தைப் படைக்காமலே இருந்திருக்கலாமே, ஏன் படைத்தார்? இல்லையென்றால், படைத்தே தீர வேண்டும் என்று அவரைக் கட்டியது எது?

முதல் வரைவில் ‘சுயேச்சை’ என்று போட்டேன். சொல்லளவில் சரிதான், சுய இச்சை. வாசித்த பிள்ளை ஒருவன், “கடவுள் எந்தச் சின்னத்தில் கேட்கிறார் ரீச்சர்?” என்றான். தேர்தலுக்குத் தேர்தல் சுயேச்சைக் குழுக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவனில் பிழையில்லை.

பிறகு ‘தன்னிச்சை’. அதை நானே வெட்டிவிட்டேன். தன்னிச்சையான கைது, தன்னிச்சையான தடுத்துவைப்பு என்றுதான் அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். ‘கடவுளின் தன்னிச்சை’ என்று எழுதினால் வகுப்பில் பாதிப்பேர் ஓம் என்று தலையாட்டுவார்கள். ஆனால் அத்தியாயம் சொல்ல வருவது அதையல்ல.

வெள்ளி பின்னேரம் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல் போதும்.

முள்ளியவளை ஐயா, புதன் விடிய

பிள்ளை, நீர் தேடுகிற சொல் திருக்குறளின் முதல் அதிகாரத்து உரைக்குள்ளேயே கிடக்கிறது. ‘எண்குணத்தான்’ என்ற இடத்தில் பரிமேலழகர் சைவாகமத்தைச் சொல்லி எட்டுக் குணங்களையும் அடுக்குகிறார். முதலாவது ‘தன்வயத்தன் ஆதல்’. இன்னொன்றின் வயத்தில் நில்லாமல் தன் வயத்திலேயே நிற்பவன். வடமொழியில் சுவதந்திரம் என்பது இதைத்தான். ஆகவே ‘தன்வயம்’ என்று போடும். அலுவல் முடிந்தது.

வவுனியா தம்பி, புதன் காலை

ஐயாவோடு வாதாடப் பயம்தான். என்றாலும் ‘தன்வயம்’ என்றால் என்ன என்று வேலையிடத்தில் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் தன்னலம் என்றார். ஒருவருக்கு உயிரியலில் படித்த ‘தன்மயமாக்கல்’ நினைவுக்கு வந்தது. மூன்றாமவர் புதிதாகத் திறந்த கடையா என்று கேட்டார்.

மென்பொருள்காரருக்கும் இதே இழுபறி இருந்தது. ‘பிறீ’ என்பதை ‘இலவசம்’ என்று எழுதினால் காசு பற்றிய கதையாகிவிடும், சொல்ல வந்தது சுதந்திரம். கடைசியில் ‘கட்டற்ற மென்பொருள்’ நிலைத்தது. அதே வழியில் ‘கட்டற்ற விருப்பு’ என்று வைக்கலாமே? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

முள்ளியவளை ஐயா, புதன் மத்தியானம்

‘கட்டற்ற’ நல்ல சொல், தம்பி. சைவத்தில் உயிரைக் கட்டுகிற பாசம் என்றாலே கயிறுதானே. எனக்கு ‘விருப்பு’த்தான் இடிக்கிறது. வேண்டுதல் வேண்டாமை இலான் என்று வள்ளுவர் சொன்னவருக்கு விருப்பை எங்கே கொண்டுபோய் வைப்பீர்? விருப்பு வந்தால் பின்னாலேயே வெறுப்பும் வரும். மேலும், சுயேச்சைக் குழுவை வாசலால் விரட்டிவிட்டு, அதே தேர்தலில் போடுகிற விருப்பு வாக்கைக் கொல்லையால் உள்ளே விடுவதா?

புதுக்குடியிருப்பிலிருந்து, புதன் பின்னேரம்

தனித்தமிழ் என்று எங்களை இருபது வருடம் விரட்டிய ஐயாவே ‘வயம்’ என்கிறாரே! அது வடமொழி ‘வச’ அல்லவா? தன்வசம் என்றே எழுதிவிடலாம்.

முள்ளியவளை ஐயா, புதன் பின்னேரம், ஏழு நிமிடம் கழித்து

தொல்காப்பியம், உரியியல்: ‘வய வலி யாகும்’. வயவர் என்றால் வீரர். வயமான் என்றால் புலியோ சிங்கமோ. வசத்திலிருந்தா புலி வந்தது? தன் வலியில் நிற்பது தன்வயம். விரிவாக இரவு எழுதுகிறேன்.

(மட்டுறுத்துநர்: இதன்பின் வந்த ஏழு மடல்கள் வயம், வசம், வயவர், வயமான் என்று போய் வயிற்றில் வந்து நின்றதால் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ரீச்சரின் வெள்ளிக்கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மன்னார்ச் சுவாமி, புதன் இரவு

எங்களிடம் ‘சித்தம்’ இருக்கிறது. ‘உம்முடைய சித்தம்’ என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த செபத்தில் இப்போது ‘உமது திருவுளம்’ என்கிறோம். மனிதருக்குச் சுயசித்தம், கடவுளுக்குத் திருவுளம். பழகிய சொற்கள்.

அத்தியாயத்தில் மத்தியகாலக் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் வருவார் என்று நினைக்கிறேன். கடவுள் தம் நன்மையை விரும்பாமல் இருக்க முடியாது, அது கட்டாயம். ஆனால் மற்றெதையும், இந்த உலகத்தையும்கூட, கட்டாயத்தால் விரும்புவதில்லை. அவருடைய நிறைவுக்கு உலகம் தேவையில்லை, ஆகவே படைப்பு கொடை என்பது அவர் வாதம். மெய்யியலாளர் லைப்னிற்ஸ் 1710இல் எழுதியதில் கொஞ்சம் வேறாகச் சொன்னார்: தகுந்த நியாயம் இல்லாமல் கடவுள் எதையும் தெரிவுசெய்ய மாட்டார், இருக்கக்கூடிய உலகங்களில் சிறந்ததைத் தெரிவுசெய்தார். இன்னொரு மெய்யியலாளர் ஸ்பினோசாவோ அந்தத் தெரிவே இல்லை என்றவர். முக்கோணத்தின் இயல்பிலிருந்து அதன் கோணங்களின் கூட்டுத்தொகை வருவதுபோல் கடவுளின் இயல்பிலிருந்து எல்லாம் வருகிறது என்றார். இந்த மூவரையும் ஒரே சொல்லால் எழுத வேண்டும். ரீச்சர் பாவம்.

முள்ளியவளை ஐயா, புதன் இரவு

திருவுளம் அழகு, சுவாமி. சைவத்திலும் உண்டு. ஆனால் எங்கள் சனம் அதை அன்றாடம் சொல்வது ‘திருவுளச்சீட்டு’ என்றுதான். நாலு துண்டுக் கடதாசியைச் சுருட்டிப் போட்டுக் குழந்தையைக் கொண்டு எடுப்பிக்கிற விஷயத்தை ‘பிறீ வில்’ என்று சொல்லிக்கொடுத்தால் லைப்னிற்ஸ் எழும்பி வந்துவிடுவார்.

தண்ணீரூற்று ஆசிரியர், வியாழன் காலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புழங்குகிற சொல் ஒருவர் வாயிலும் வராதது அதிசயமாக இருக்கிறது: ‘நாட்டம்’. அல்லாஹ் நாடினால் வருகிறேன், அல்லாஹ்வின் நாட்டம் அப்படி என்போம். 1990இல் புத்தளம் போனபோது எடுத்துப்போன சாமான் கொஞ்சம், இந்தச் சொல் அதற்குள் இருந்தது. திரும்பி வந்தபோதும் இருந்தது.

இஸ்லாமிய அறிஞர் அல்-கஸ்ஸாலி இதை எழுதியிருக்கிறார். உலகம் ஏன் அந்தக் கணத்தில் படைக்கப்பட்டது, ஏன் முந்தியில்லை, பிந்தியில்லை என்று மெய்யியலார் கேட்டார்கள். எல்லாக் கணமும் ஒன்றுபோல இருந்தால் தெரிவதற்கு நியாயம் ஏது? அதற்கு அவர் பேரீச்சம்பழக் கதை சொன்னார். பசித்த ஒருவனுக்கு முன்னால் இரண்டு பழம், எந்த விதத்திலும் வித்தியாசம் இல்லை. ஒன்றைத்தான் எடுக்கலாம். நியாயம் கிடைக்கவில்லை என்று அவன் பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுப்பான். ஒன்றுபோல இருக்கிற இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே நாட்டத்தின் தொழில். ‘ஏன் இது?’ என்பதற்கு நாட்டமே விடை, அதற்குப் பின்னால் இன்னொரு விடை தேட வேண்டியதில்லை.

மனிதருக்கும் நாட்டம், அல்லாஹ்வுக்கும் நாட்டம். ரீச்சர் கேட்ட பொதுச்சொல் இதுவாகலாம். ‘பிறீ’ வேண்டுமென்றால் ‘தன்னாட்டம்’.

முள்ளியவளை ஐயா, வியாழன், பதினொரு நிமிடம் கழித்து

தம்பி, இதை ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை? நாட்டம் சங்கச் சொல், பொருள் கண். ‘நாட்டம் இரண்டும் அறிவுடம் படுத்தற்கு’ என்று தொல்காப்பியக் களவியல். காதலனும் காதலியும் பேசுமுன் கண் பேசும். சிவனுடைய நெற்றிக்கண்ணையும் நாட்டம் என்பார்கள். நாடுதல் தேடுதல், பிறகு விரும்புதல். கண் போன இடத்துக்கு மனம் போகிறது, மனம் போன இடத்துக்குக் கை. ஆக, பார்வை விருப்பமாகி, விருப்பம் செயலாகிற வழி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது! வேலிக்குக் கம்பு நாட்டுகிறோமே, அந்த ‘நாட்டு’ வேறு, நடுவதிலிருந்து வருவது. ஆனால் வேறுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வவுனியா தம்பி, வியாழன்

‘தன்னாட்டம்’ என்பதைப் பிள்ளைகள் தன் ஆட்டம் என்று பிரித்து வாசிப்பார்கள். கடவுள் தனியாக ஆடுகிறார் என்றாகும்.

தண்ணீரூற்று ஆசிரியர், வியாழன்

உங்கள் சமயத்தில் அவர் ஆடுகிறவர்தானே, தம்பி.

ஒட்டுசுட்டான், ஓய்வுபெற்ற தபாலதிபர், வியாழன்

சிரித்து முடிய ஒரு விஷயம். எங்கள் ஊர்ச் சிவன் தான்தோன்றீஸ்வரர். குரக்கன் அறுத்தபின் நின்ற ஒட்டைச் சுட்ட இடத்தில் தானாகத் தோன்றியவர், ஊர்ப்பெயரும் அதால் வந்தது என்பார்கள். தான்தோன்றி என்றால் அவருக்குப் பெருமை. அதையே ‘தான்தோன்றித்தனம்’ என்று ஒரு அதிகாரியைப் பார்த்துச் சொன்னால் முறைப்பாட்டுக் கடிதம். அப்படியான கடிதங்கள் என் கையால் எத்தனையோ போயிருக்கின்றன. ஒரே குணம், கடவுளில் கும்பிடுகிறோம், மனிதனில் திட்டுகிறோம். பொதுச்சொல் கிடைக்காததற்குக் காரணம் தமிழின் வறுமை இல்லை என்று நினைக்கிறேன்.

வன்னிக்கே ‘அடங்காப்பற்று’ என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். ‘பிறீ வில்’ எங்கள் மண்ணின் சொத்து.

முள்ளியவளை ஐயா, வியாழன்

அடங்காப்பற்று மனிதருக்குச் சரி. அவர் பற்றற்றான்.

கிளிநொச்சி ரீச்சர், வியாழன் இரவு

நாளைக்கு வெள்ளி. கரண்டும் ஒருதரம் போய் வந்துவிட்டது.

சைவப் பகுதியை எழுதும்போது எனக்கே ஒன்று தடக்கியது. சித்தாந்தத்தில் படைப்பு வெறுமையிலிருந்து வருவதில்லை. குயவன், சக்கரம், களிமண் உவமை பிள்ளைகளுக்குத் தெரியும். பதியாகிய கடவுளைப்போல உயிரும், அதைக் கட்டுகிற பாசமும் தொடக்கமில்லாதவை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்து முதற் சூத்திரம் ‘ஒடுங்கி மலத்துளதாம்’ என்கிறது: ஒடுங்கிய உலகம் உயிர்களைப் பற்றிய அழுக்கான மலம் காரணமாகத் திரும்பத் தோன்றுகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், முன்னவன் விளையாட்டென்று மொழிதலும் ஆம் என்று இடம் கொடுத்துவிட்டு, உயிர்களுக்கு முத்தி கொடுக்கவும் மலத்தைத் துடைக்கவும் என்று போகிறார். மார்கழியில் ‘காத்தும் படைத்தும் கரந்தும் விளையாடி’ என்று குளிரில் பாடுகிற பிள்ளைகளுக்கு விளையாட்டு உடனே விளங்கிவிடுகிறது.

ஆனால் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: “விளையாட்டென்றால் நிறுத்தலாம். அருளென்றால் நிறுத்த முடியாதே ரீச்சர், அப்ப அருள்தானே அவருக்குக் கட்டு?” என்னிடம் பதில் இல்லை. தன் இயல்புக்குக் கட்டுப்படுவது கட்டே இல்லை என்று சுற்றிவளைத்தேன். அவள் எழுதிக்கொண்டாள், நம்பவில்லை.

ஆகவே நான் செய்யப்போவது: கடவுளுக்கு ‘தன்வயம்’, மனிதருக்கு ‘தன்விருப்பு’. முதல் பக்கத்தில் இரண்டையும் விளக்கி, ‘நாட்டம்’, ‘திருவுளம்’ என்றும் சொல்வார்கள் என்று போடுகிறேன். ஆட்சேபம் இருந்தால் இரவுக்குள்.

வவுனியா தம்பி

சரி.

புதுக்குடியிருப்பிலிருந்து

தன்வசம் என்றால் இன்னும் நல்லது. என்றாலும் சரி.

மன்னார்ச் சுவாமி

சம்மதம். அக்குவைனாஸ் பகுதியில் மட்டும் சித்தம் இருக்கட்டும்.

தண்ணீரூற்று ஆசிரியர்

நாட்டம் விளக்கத்துக்குள் ஒதுங்கிப் போனது மனவருத்தம்தான். பிள்ளைகளின் நேரம் முக்கியம், போடுங்கள்.

விசுவமடு, தாதி, வெள்ளி விடிய 2.40

இரவு வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். நான் சம்மதிக்கவில்லை.

ரீச்சர், நீங்கள் செவ்வாய்க்கிழமை ஒரு சொல் கேட்டீர்கள். இப்போது இரண்டு வைத்திருக்கிறீர்கள். கடவுளுக்கு ஒரு சொல், எனக்கு ஒரு சொல் என்று பிரித்துவிட்டால் அத்தியாயத்தின் கேள்வியை யாராலும் கேட்க முடியாது. ‘எனக்கு இருக்கிறது அவருக்கும் இருக்கிறதா?’ என்பதுதானே கேள்வி. தன்வயம் உண்டா என்றால் விடை ஆகமத்திலேயே இருக்கிறது, உண்டு. முடிந்தது கதை. பிள்ளை எதை யோசிப்பாள்?

இன்னொன்று. நான் ஒரு பிழை செய்தால், செய்யாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். விருப்பு இருந்ததால்தானே பொறுப்பு. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் கேட்டுவிட்டு, இப்படிப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்றார். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டுமென்றால் உலகத்தை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரே சொன்னார். இருவரும் கடவுளை மனிதனைக் கேட்கிற அதே சொல்லால்தான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் பறை அடிக்கவும் ஆளில்லாத ஆண்டு ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் தனிச்சொல் வேண்டாம்.

‘நாட்டம்’ போடுங்கள். பழசோ புதுசோ, இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கிறது.

முள்ளியவளை ஐயா, வெள்ளி விடிய 4.10

மகள், நன்கணியார் அந்தப் பாட்டை ‘இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே’ என்று முடிக்கிறார். ஆனால் நீர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் யோசிக்கிறேன்.

விசுவமடு, தாதி, வெள்ளி விடிய 4.15

முடிவு எனக்கும் தெரியும் ஐயா. நான் தொடக்கத்தைச் சொன்னேன்.

கிளிநொச்சி ரீச்சர், வெள்ளி இரவு

அக்காவின் மடலைப் பார்த்தபோது கொப்பிகள் கட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால் பார்ப்போம் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். நாலாம் பக்கத்தை மட்டும் ‘நாட்டம்’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். குறை சொல்ல முடியவில்லை.

இன்னொரு செய்தி. கடைசிப் பக்கங்களைக் கைபேசியில் தட்டினேன். அது தானாகத் திருத்தி, மூன்று இடத்தில் ‘கடவுளின் தன்வயல்’ என்று வந்துவிட்டது. பின்வாங்கில் இருக்கிறவன் எழும்பி, எந்த நெற்போகம், காலபோகமா சிறுபோகமா என்று கேட்டான்.

முள்ளியவளை ஐயா, வெள்ளி இரவு

வயம், வயல். வேரைப் பார்க்க வேண்டும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.