முதியோர் வாக்கும் குடியேற்ற எதிர்ப்பும்: வயதுதான் காரணமா?

நெய்தல் (கேள்வி):
குடியேற்றம் முக்கிய விவாதப்பொருளாக இருந்த, 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தனர். 65 வயதைக் கடந்தோரில் பெரும்பான்மையினர் விலகுவதையும், 25 வயதுக்கு உட்பட்டோரில் பெரும்பான்மையினர் நீடிப்பதையும் விரும்பினர் என்று கருத்துக்கணிப்புகள் காட்டின. முதியோர் பெருகப் பெருக வெளியிலிருந்து வரும் உழைப்பாளர்களின் தேவையும் கூடுகிறது. அந்த முதுமையே அந்த உழைப்பாளர்களை எதிர்த்து வாக்களிக்கவும் வைக்கிறது என்று முடிவுகட்டலாமா? எனக்கே அது நெருடுகிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடகாற்று:
அப்படி முடிவுகட்டினால் ஜெர்மனி இடிக்கும். குடியேற்ற எதிர்ப்பை முன்னிறுத்தும் ஏஎஃப்டி கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 விழுக்காடு வாக்குகளைப் பெற்றபோதும், 70 வயதைக் கடந்தோரிடம்தான் அதற்கு ஆதரவு மிகக் குறைவாக இருந்தது. அக்கட்சி ஆழமாக வேரூன்றியிருக்கும் கிழக்கு மாநிலங்களில் வெளிநாட்டவரின் பங்கு மேற்கைவிடக் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, இளையோர், குறிப்பாக இளம்பெண்கள், பிழைப்புத் தேடி மேற்கே சென்றுவிட்டனர். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளும் மூடப்பட்டன. அத்தகைய ஊரில் தங்கிவிட்டவருக்கு நாற்பது வயதுதான் என்றாலும், தன் ஊர் தேய்வதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் வாக்குச்சாவடிக்குப் போகிறார். ஆகவே வாக்காளரின் வயதைக் காட்டிலும் ஊரின் வயதைப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

ஜப்பானிலும், 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று முழங்கி 14 இடங்களை வென்ற சான்செய்தோ கட்சிக்கு முதியோரைவிட இளையோரும் நடுவயதினருமே துணைநின்றனர்.

கரையோரம்:
நான் கிழக்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். 2024 ஜூலைப் பொதுத்தேர்தலின்போது, எண்பதைக் கடந்த ஓர் அம்மையார் நடுங்கும் கையால் அஞ்சல் வாக்கின் படிவத்தில் பிறந்த தேதியை எழுதிக் கையொப்பமிட்டு, உறையைத் தாமே ஒட்டி, தெருமுனை அஞ்சல் பெட்டியில் சேர்க்கும்படி என்னிடம் தந்தார். 2016இல் விலகலுக்கு வாக்களித்ததை அவர் மறைத்ததில்லை. ஆனால், அவருடைய குறையெல்லாம் மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருப்பதும், பேரப்பிள்ளைகள் வேலைக்காக லண்டன் போய்விட்டதும்தான். என்னை அவர் ஒருநாளும் அந்நியராக நடத்தியதில்லை. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக வரவழைக்கும் விசா நிறுத்தப்பட்டதைச் சொன்னபோது, “இரவில் மணி அடித்தால் இனி யார் வருவார்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். குடியேறியோர் எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு விரைவாக வந்தார்கள் என்பதே மக்கள் மனத்தை அசைக்கிறது. பல தலைமுறைகளாக வெளிநாட்டவர் வாழும் லண்டனின் லாம்பெத் பகுதி 78.6 விழுக்காடு நீடிக்க வாக்களித்தது. 2004க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் கிழக்கு ஐரோப்பியர் காய்கறி வயல்களுக்குத் திரளாக வந்துசேர்ந்த, கிழக்கு இங்கிலாந்தின் போஸ்டன் நகரமோ 75.6 விழுக்காடு விலக வாக்களித்தது.

நெய்தல்:
மிக்க நன்றி. போஸ்டனில் வாழ்ந்த போலந்து, லித்துவேனியா நாட்டினர் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்றார்களா?

கரையோரம்:
அவர்களில் பிரிட்டன் குடியுரிமை பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நீங்கலாகப் பிற ஒன்றிய நாட்டினர் வாக்களிக்க முடியவில்லை. காமன்வெல்த் நாட்டினர் என்பதால் இங்கு சட்டப்படி வாழும் இந்தியரும் இலங்கையரும் வாக்களிக்கலாம். அந்த அம்மையாரின் உறையை அஞ்சலில் சேர்த்த அதே தேர்தலில் நானும் வாக்களித்தேன்.