பழைய மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர்கள்: எதைப் போடுவது, எப்படிக் கழற்றுவது?

கேள்வி:
சாக்கெட் 478, பென்டியம் 4 போர்டு. ஆன் செய்தால் இரண்டு மூன்று முறை திணறிவிட்டுத்தான் பூட் ஆகிறது. லோடு ஏறினால் ரீஸ்டார்ட். பிராசசரை ஒட்டி 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் கெப்பாசிட்டர் ஆறு இருக்கின்றன. மூன்றின் தலை உப்பிவிட்டது, அதில் ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிவு. அந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதுமா? கையில் இருப்பது 25 வாட் சால்டரிங் அயர்ன்.

பதில் 1:
ஆறையும் மாற்றிவிடுங்கள். ஒரே வயசு, ஒரே சூடு. தலை தட்டையாக இருப்பதை நம்ப முடியாது. சிலது அடியில் உள்ள ரப்பர் வழியாகக் கசியும். ஆறும் பேரலல் (ஒரே இரு முனைகளுக்கிடையே பக்கம் பக்கமாக இணைந்தவை) என்பதால் போர்டில் வைத்து அளந்தால் மொத்தக் கணக்குதான் தெரியும், கெட்டது நல்லதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே முக்கியம் இஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் மின்தடை; அது குறைவாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் வரும் ரகம் 12 மில்லி ஓம் அளவில் இருக்கும். பேனசானிக் எஃப்ஆர் நல்ல சரக்குதான், ஆனால் அதே சைஸில் சுமார் 20 மில்லி ஓம். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டி) பொருத்தம். சாதாரண ரகத்தைப் போட்டால் சூடாகி மறுபடி உப்பும். 10 மில்லிமீட்டர் விட்டம் என்றால் கால் இடைவெளி 5, 8 மில்லிமீட்டர் என்றால் 3.5.

பதில் 2:
அசல் ரகம் தேடி அலைவதைவிட 6.3 வோல்ட், 820 மைக்ரோஃபாரட் பாலிமர் (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் உள்ள ரகம்) போடலாம். இஎஸ்ஆர் 10 மில்லி ஓமுக்கும் கீழே. மதிப்பு கால்வாசிதானே என்று பயப்பட வேண்டாம், பிராசசர் பக்கம் சிற்றலையை (வோல்டேஜில் வரும் சிறு ஏற்ற இறக்கத்தை) அடக்குவது பெரும்பாலும் இஎஸ்ஆர்தான். ஆனால் பாதி பாலிமர், பாதி பழசு என்று கலக்காதீர்கள். 12 வோல்ட் வரும் பக்கத்தில் 16 வோல்ட் ரகம்தான், 6.3 அங்கே போனால் வெடிக்கும்.

பதில் 3:
25 வாட்டை ஓரமாக வையுங்கள். உள்ளே இருக்கும் கிரவுண்ட் லேயர் சூட்டை உறிஞ்சிவிடும், ஈயம் பாதிதான் உருகும். 60 வாட்டாவது வேண்டும், உளி போன்ற பட்டை முனையுடன், 380 டிகிரி அளவில். முதலில் கால்களில் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை) புதிய 63/37 ஈயமும் (63% வெள்ளீயம், 37% காரீயம்) கொடுங்கள். ஒரு காலைச் சூடாக்கி கெப்பாசிட்டரை மெல்லச் சாய்த்து, பிறகு மறு கால் என்று மாறி மாறி ஆட்டினால் தானாக வரும். வெடுக்கென்று இழுத்தால் துளையின் உள்சுவர்ச் செம்பும் கூடவே வந்துவிடும். அத்தோடு போர்டு போச்சு.

கேள்வி கேட்டவர்:
ஆறும் கழன்றுவிட்டது. கிரவுண்ட் பக்கத் துளைகளில் ஈயம் அடைத்திருக்கிறது, விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்தாலும் இழுக்கவில்லை. டிரில் போடலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம், அந்தச் செம்பைத்தான் டிரில் தின்னும். ஒரு பக்கம் சூடாக்கிக்கொண்டே மறுபக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் ஊசியை நுழைத்துச் சுழற்றுங்கள். ஈயம் அதில் ஒட்டாது.

மாட்டும் முன் துருவம். கெப்பாசிட்டர் உடலில் பட்டை இருப்பது மைனஸ், புதியதில் நீளக் கால் பிளஸ். போர்டில் வெள்ளை அடித்த பாதி பெரும்பாலும் மைனஸ், சில போர்டுகளில் நேர்மாறு. பாலிமரில் வண்ணக் குறி இருக்கும் பக்கம் மைனஸ். பழசைக் கழற்றும் முன் எடுத்த போட்டோவை மட்டும் நம்புங்கள்.

பதில் 1:
கசிந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையையும் (கம்ப்யூட்டர் ஆஃபாக இருக்கும்போதும் வரும் சப்ளை) அளந்து பாருங்கள்: 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும்.