கடலூர் வாளியும் அந்த மூணு நிமிடமும்

ஆய்வகவாசி: பக்கத்துத் திரியில் ஒருவர், "கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்தே நாட்டின் காற்றுத் தரநிலையை மாற்றிவிட்டார்கள்" என்று அளந்துவிட்டிருக்கிறார். மூணு நிமிடம் பிடித்த காற்று அது! புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் வாயுவுக்கு நம் வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதுவும் ஆண்டுச் சராசரி. மூணு நிமிடத்தை வருடத்தோடு வைத்துப் பார்ப்பது ஆராய்ச்சியா?

உப்பனாறு: வந்துட்டாருய்யா. அந்த வரம்பே 2009 நவம்பரில்தான் வந்தது. ஊர்க்காரர்கள் காற்றுப் பிடித்தது 2004ல். அன்றைய பட்டியலில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசு, ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, அவ்வளவுதான். இல்லாத வரம்போடு யார் ஒப்பிட்டது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். 22 ரசாயனம் சிக்கியது, அதில் 8 புற்றுநோய் தரக்கூடியவை.

ஆய்வகவாசி: அந்த அமெரிக்க அளவும் வருடக்கணக்கில் சுவாசித்தால் என்று போட்ட கணக்குதான். திரும்பவும் மூணு நிமிடம்.

உப்பனாறு: வாளி கடைசிப் படி சார். முதலில் நாற்றக் குறிப்பேடு: தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை, கண் எரிந்ததா, இருமல் வந்ததா. வாடை உச்சத்தில் இருக்கும்போதுதான் வாளியைத் திறக்கணும். 20 லிட்டர் வாளி, உள்ளே டெட்லர் என்ற பிளாஸ்டிக் பை. பம்பு உறிஞ்சுவது வாளிக்குள் பையைச் சுற்றி இருக்கும் காற்றை. அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தானே பைக்குள் ஏறும், பம்பின் அழுக்கு மாதிரியில் சேராது. மூடி இறுகாவிட்டால் பை ஊதாது. முழுக்க ஊதினால் விமானத்தில் வெடிக்கும், கொஞ்சம் இடம் விட்டு நிறுத்தணும். வெயில் படாமல் பொதிந்து 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கணும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கையெழுத்துத் தாளும் கூடவே போகணும். போதுமா, இன்னும் வேணுமா?

ஆய்வகவாசி: 72 மணி பென்சீனுக்கு. கந்தகச் சேர்மத்துக்கு 24 மணிதான் கெடு. கடலூரிலிருந்து கலிஃபோர்னியா ஆய்வகத்துக்கு அதற்குள் போகிற கூரியர் எது?

உப்பனாறு: அப்படியானால் நிஜ அளவு இன்னும் அதிகம் என்று அர்த்தம். பையில் கிடந்தால் குறையுமே தவிர கூடாது. நன்றி.

கோர்ட்டுக்கிளி: கையெழுத்துத் தாளாம்! 1981 காற்றுச் சட்டம் 26ஆம் பிரிவு படிச்சிருக்கீங்களா? நோட்டீஸ் கொடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிதான் வழக்கில் செல்லும்.

உப்பனாறு: அது புகைபோக்கியில் எடுக்கும் மாதிரிக்கு. கிளி பாதிப் பிரிவைத்தான் கொத்தும் போல. வழக்குப் போடவா வாளி பிடித்தார்கள்? வாரியத்தை ஊருக்குள் வரவைக்க. வாளி முடிவுகளின் அறிக்கை வெளியான அதே 2004ல் உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்தது. அமெரிக்காவில் லூசியானாவின் நார்கோ ஊரிலும் இதே வாளிதான், 2002ல் ஷெல் எண்ணெய் நிறுவனம் ஆலையை ஒட்டிய நாலு தெருவுக்கும் வீட்டு விலை கொடுக்க ஒத்துக்கொண்டது.

ஆய்வகவாசி: நார்கோ கம்பெனியோடு பேசிய பேரம், கொள்கை மாற்றம் இல்லை. பென்சீன் வண்டிப் புகையிலும் உண்டு, அது கடலூரால்தான் பட்டியலில் ஏறியது என்பதற்கு என்ன ஆதாரம்? ஊரே மூக்கைப் பொத்திய நாற்றக் கந்தகச் சேர்மங்களான ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெர்காப்டனும் 2009 பட்டியலின் பன்னிரண்டில் எங்கே? டெட்லர் பையிலிருந்தே ஃபீனால் கசியும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலைக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒரு மாதிரி, வெறும் பை ஒன்று, இரண்டும் வேணும்.

தென்றல்72: ஒரு பைக்கு ஆய்வகச் செலவு சில நூறு டாலர். அந்த இரண்டுக்கும் நீங்களே கொடுங்களேன்.

ஆய்வகவாசி: காசில்லையென்றால் முடிவை அடக்கி வாசிக்கணும்.

உப்பனாறு: மெர்காப்டன் ஏன் இல்லை என்பதை டெல்லியில் போய்க் கேளுங்கள், சிப்காட் பக்கத்து ஈச்சங்காட்டில் இல்லை. கொடைக்கானல் பாதரசத் திரியிலும் இப்படித்தான் பாதியில் ஓடினீர்கள்.

ஆய்வகவாசி: ஓடவில்லை, திரியைப் பூட்டினார்கள். மூணு நிமிடத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கோர்ட்டுக்கிளி: 26ல் புகைபோக்கியோடு "வேறெந்த வெளியேறு வழியும்" என்றும் இருக்கு. முழுசாப் படிங்க.

உப்பனாறு: குடிகாட்டுத் தெரு எப்போதிலிருந்து ஃபேக்டரியின் வெளியேறு வழி ஆச்சு?