அவசரம்: .303 ரைஃபிள் மரக்கட்டையில வெடிப்பு, என்ன பசை போடலாம்?

குமரன்_ஜீலாங்: வணக்கம். என் .303 கட்டையில வெடிப்பு விட்டிருக்கு. ஃபெவிகால் மாதிரி எதையாவது விட்டு இறுக்கிக் கட்டினா நிக்குமா? சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகணும்.

தச்சன்மகன்: எந்த இடத்துல? குழலுக்குக் கீழ இருக்கிற முன்கட்டையா, தோள்ல வைக்கிற பின்கட்டையா? போட்டோ எங்க?

சிவா_ஸ்காபரோ: எந்த மொடல் எண்டு சொல்லேல்லையே தம்பி. லீ-என்ஃபீல்ட் நம்பர் 1ஆ, நம்பர் 4ஆ?

எண்ணெய்க்கடை: எதுவா இருந்தா என்ன, மரம் காஞ்சிருக்கு. லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தடவிக்கிட்டே இருங்க, தானா மூடிக்கும். பிரிட்டிஷ் ராணுவமே அதைத்தான் தடவுச்சு.

பழையஇரும்பு: தேடிப் பார்த்துட்டு இழை திறக்கிற வழக்கமே போயிடுச்சு. எண்ணெய் வெடிப்பை மூடாது ஐயா. ஊறின மரத்துல அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது, அதுதான் நடக்கும்.

குமரன்_ஜீலாங்: சாரி. ஆஸ்திரேலியாவுல லித்கோ தொழிற்சாலையில செஞ்சது, 1942. முன்கட்டை, பின்னோரமா டிரிகர் பக்கம். பின்கட்டை ஆடுதுன்னு பழைய ஓனர் போல்ட்டை இறுக்கினாராம்.

சிவா_ஸ்காபரோ: பிடிச்சாச்சு! லித்கோ எண்டா நம்பர் 1. அதுல பின்கட்டை போல்ட்டின்ர நுனி சதுரம். அது முன்கட்டைக்குள்ள இருக்கிற தகட்டுல போய்ப் பூட்டும். முன்கட்டையைக் கழட்டாமல் போல்ட்டைத் திருப்பினா அந்தச் சதுரம் கட்டையைப் பிளந்துபோடும்.

தச்சன்மகன்: அது மட்டும்னு சொல்ல முடியாது. சுடும்போது ரிசீவர் (குழல் பொருந்துற இரும்பு உடம்பு) பின்னால உதைக்கிறதைத் தாங்குற ரெண்டு முகம் முன்கட்டைக்குள்ள இருக்கும். லித்கோ கட்டைக்குப் போட்ட கோச்வுட் மெத்துன்னு இருக்கிற ஆஸ்திரேலிய மரம், அதனாலதான் லித்கோகாரங்க அங்க செப்புத் தகடு வெச்சாங்க. தகடு இல்லைன்னா எத்தனை தடவை ஒட்டினாலும் மறுபடி வெடிக்கும். முதல்ல அசிட்டோன் விட்டுத் துடைங்க, துணியில எண்ணெய்க் கறை வராத வரைக்கும். அஞ்சு நிமிஷ எப்பாக்ஸி பசை வேண்டாம், உள்ள இறங்குறதுக்குள்ள கெட்டியாயிடும். மெதுவா காயிறதை வாங்கி, லேசா சூடு காட்டினா தண்ணி மாதிரி ஓடும். பழைய சைக்கிள் டியூப்பால சுத்தி ஒரு நாள் விடுங்க. வெடிப்பு நீளமா இருந்தா குறுக்கே மரை போட்ட பித்தளைக் கம்பி ஒண்ணு.

எண்ணெய்க்கடை: கடைசியில பூசுறது பச்சை, அதாவது காய்ச்சாத லின்சீட்தானே? பாயில்ட் கூடாது.

பழையஇரும்பு: பச்சை எண்ணெய் காய வாரக் கணக்காகும். அதுவரைக்கும் கையில பிசுபிசுன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?

எண்ணெய்க்கடை: பாயில்ட்னு டப்பாவுல விக்கிறதுல பாதி காய்ச்சினதே இல்ல, உலோக உப்பு கலந்தது.

பழையஇரும்பு: அது வேகமா காயத்தான் கலக்குறாங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேச வேண்டாம்.

சிவா_ஸ்காபரோ: ரெண்டு பேருக்கும் சொல்றன், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலைக்க போடாதேங்கோ. தன்பாட்டுல சூடேறிப் பத்தும். விரிச்சுக் காயப் போடுங்கோ.

தச்சன்மகன்: எந்த எண்ணெயா இருந்தாலும் உள்பக்கமும் வெட்டு முகமும் விட்டுப்போகக் கூடாது. வெளியில மட்டும் பளபளன்னு பூசுறாங்க, ஈரம் அந்த வழியாத்தான் ஏறி இறங்குது. குமரன், தகடு இருக்கா?

குமரன்_ஜீலாங்: கழட்டிப் பார்த்தேன். இடப்பக்கத் தகடு இல்ல, மரம் நசுங்கியிருக்கு. தகடு வாங்கிட்டு ஒட்டுறேன், ரேஞ்ச் அடுத்த மாசம். நன்றி.

பழையஇரும்பு: போட்டோ இன்னும் வரல.