தீர்ப்பை எதிர்க்கும் பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி:
நியூ ஜெர்சியில் 11, 12 வயதுப் பிள்ளைகளின் லிட்டில் லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்குத் தன்னார்வ நடுவராக இருக்கிறேன். சென்ற சனிக்கிழமை, பந்து கையுறையில் விழுந்த சத்தமும் கால் முதல் பேஸை (ஓடுபவர் பந்துக்கு முன் தொட வேண்டிய முதல் தளத்தை) மிதித்த சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டபோது, ஓடிவந்த சிறுவனை அவுட் என்று அறிவித்தேன். அவனுடைய பயிற்சியாளர் டைம் (ஆட்ட இடைநிறுத்தம்) கேட்காமலேயே உள்ளே வந்து கத்தினார். அந்தச் சிறுவன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில் 1:
முதலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவர் சொல்வது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். ஓடியவர் அவுட்டா சேஃபா (தப்பினாரா), அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்கா (சரியான எல்லைக்குள் வந்ததா) பாலா (எல்லைக்கு வெளியே போனதா) என்பவை நடுவரின் கண்ணை நம்பிய முடிவுகள், லிட்டில் லீக் விதி 9.02இன்படி அவற்றை எதிர்க்க இடமில்லை. ஆனால் விதியையே நீங்கள் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், அதைச் சுட்டிக்காட்ட அணி மேலாளருக்கு (தலைமைப் பயிற்சியாளருக்கு) உரிமை உண்டு. எடுத்துக்காட்டாக, இந்த வயதுப் பிரிவில் அடுத்த பேஸை நோக்கித் தலை முன்னாகச் சறுக்கினால் அவுட். முந்தைய பேஸுக்குத் திரும்பும்போது அப்படிச் சறுக்கலாம். இதை மாற்றிச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்வதே நேர்மை.

பதில் 2:
குரலைத் தாழ்த்துங்கள், நண்பரே. அவருக்கு எதிரே மார்பை நிமிர்த்தி நிற்காமல் பக்கவாட்டில் நின்று, "நான் பார்த்தது இது" என்று ஒருமுறை விளக்கிவிட்டு, "ஆட்டத்தைத் தொடரலாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் கத்தினால் எச்சரியுங்கள்; எச்சரிக்கையையும் மீறினால் தயங்காமல் வெளியேற்றுங்கள். உங்கள் பார்வை மறைந்திருந்தால் மட்டும் உடன் நடுவரிடம் கேளுங்கள். பயிற்சியாளரை அமைதிப்படுத்துவதற்காக ஒருபோதும் கேட்காதீர்கள்.