முதல் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம் ஒட்டி முடித்தாச்சு, பறக்க விடும் முன் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு:

வணக்கம் எல்லோருக்கும். ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். பல வருஷ ஆசை, இப்போதுதான் முதல் விமானம் வாங்கியிருக்கிறேன். 1.4 மீட்டர் இறக்கை, ஈபிஓ என்கிற ஃபோமில் ஆன கிட், பிக்ஸ்லர் என்ற மாடலின் சாயலில் மோட்டார் இறக்கைக்குப் பின்னால் முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் வகை. 7 அங்குல ப்ராப் (மோட்டார் சுற்றும் விசிறி), 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), மடல்களை அசைக்க நான்கு 9 கிராம் சர்வோ மோட்டார், ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி. எல்லாம் ஒட்டி, ரிசீவரை ரிமோட்டோடு இணைத்து (பைண்ட்), சர்வோக்கள் ஆடுகின்றன. பேட்டரியோடு சேர்த்து 850 கிராம் வருகிறது.

சந்தேகங்கள் இவை. மோட்டாரைச் சுற்றவிட்டால் காற்று பின்னால் போகாமல் முன்பக்கம் வீசுகிறது, ப்ராப்பைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடுமா? கையேட்டில் சிஜி (எடை சமநிலைப் புள்ளி) காட்டும் படம் மை அப்பி ஒன்றும் தெரியவில்லை, எங்கே வைப்பது? ஜைரோ (விமானம் சாய்ந்தால் தானே நிமிர்த்தும் கருவி) உள்ள ரிசீவர் தனியாக வாங்கு என்கிறார்கள், புது ஆளுக்கு அது அவசியமா? அப்புறம், ஆடி பிறந்துவிட்டது, இங்கே காற்று நன்றாக வீசுகிறது. காற்று இருந்தால் விமானம் சுலபமாக மேலே ஏறும்தானே? எங்கள் தோட்டத்துக்கு அடுத்து ஆறேழு ஏக்கர் தரிசு காலியாகக் கிடக்கிறது, ஒரு ஓரத்தில் ஈபி லைன், கொஞ்சம் தள்ளிக் காற்றாலைகள். அக்கா பையனுக்கு 12 வயது, நான்தான் தூக்கி எறிவேன் என்று அடம்பிடிக்கிறான். இந்த ஞாயிறு விடலாம் என்று இருக்கிறோம்.

பழைய சால்டரிங்:

தம்பி, முதலில் ப்ராப்பைக் கழற்றி மேஜை டிராயரில் போடுங்கள். வீட்டுக்குள் பேட்டரி மாட்டும் ஒவ்வொரு முறையும் ப்ராப் இல்லாமல்தான். 7 அங்குலம்தானே என்று தோன்றும், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும் பிளாஸ்டிக் அது, விரல் நரம்பை அறுத்துவிடும்.

ப்ராப்பைத் திருப்பி மாட்டுவதால் காற்றின் திசை மாறவே மாறாது. மோட்டார் அதே பக்கம் சுற்றினால் ப்ராப் எப்படி இருந்தாலும் அதே திசையில்தான் தள்ளும், திருப்பிப் போட்டால் பலம் மட்டும் குறையும். மோட்டாருக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே மூன்று ஒயர் இருக்கிறதல்லவா, அதில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பேட்டரி பக்கத்துச் சிவப்பு, கறுப்பு ஒயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஈஎஸ்சி அந்த நொடியே புகையும். ப்ராப்பில் அளவு எண் அச்சடித்த பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பின்னால் இருந்து தள்ளும் மோட்டாருக்கும் இதே விதிதான், நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

சிஜிக்கு: இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அதன் அகலத்தை முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள், அதாவது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் சமநிலை விழ வேண்டும். முதல் தடவைக்கு முன்பக்கக் கணக்கையே பிடியுங்கள். இரண்டு இறக்கைக்கும் அடியில் அந்த இடத்தில் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் சோம்பேறியாகவாவது பறக்கும். வால் கனத்தது கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, புரண்டு விழும். என்னிடம் உடைந்து வந்த புதுசுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணம்தான், ஓட்டத் தெரியாததால் உடைந்தவை அதற்கு அப்புறம்தான்.

இனி திசை. விமானத்துக்குப் பின்னால், அதன் வாலைப் பார்த்து நின்றுகொண்டு வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின் விளிம்பு மடல், அதாவது ஏய்லரான், மேலே எழ வேண்டும், இடது கீழே போக வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் கிடைமட்ட மடலான எலிவேட்டர் மேலே. ரட்டர் குச்சி வலம் போனால் வாலில் நிமிர்ந்து நிற்கும் மடலான ரட்டரும் வலம். எதிராக இருந்தால் ரிமோட் மெனுவில் ரிவர்ஸ் இருக்கிறது, சர்வோவைக் கழற்ற வேண்டாம். சர்வோக்கள் ஆடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று எழுதவில்லை.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட் தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்யும் என்பது. ப்ராப் இல்லாமல் மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் ஓரிரு நொடியில் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் ரிமோட்டின் ரிசீவர் மெனுவில் த்ராட்டிலுக்கு (மோட்டார் வேகத்துக்கு) ஃபெயில்சேஃப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இது சரியாகாமல் அந்த விமானம் வாசல் தாண்டக் கூடாது. இந்தச் சோதனை தவிர மற்ற நேரங்களில் ரிமோட்டை முதலில் போட்டு அப்புறம் விமானத்தின் பேட்டரி, நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்புறம் ரிமோட்.

மில்லிஆம்ப்:

சால்டரிங் அண்ணன் சொன்னதோடு பேட்டரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்பதே இல்லை, வாங்கி மூன்றாம் மாதம் உப்பிப்போன பிறகு போட்டோ போடுவார்கள். 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் ஒயரும் சார்ஜரில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், பறந்து இறங்கிக் கொஞ்சம் ஓய்ந்த பிறகு 3.7 அளவில் இருந்தால் ஆரோக்கியம், 3.5-க்குக் கீழே கொண்டுபோகும் பழக்கம் வந்தால் ஆயுள் போச்சு. ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள், முழு சார்ஜில் அலமாரியில் வைக்காதீர்கள். சார்ஜ் போடும்போது மண் சட்டிக்குள்ளோ வெறும் டைல்ஸ் தரையிலோ வைத்து, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மெத்தை மேல், வெயிலில் நிற்கும் காருக்குள், கூடவே கூடாது. உப்பினதை, குத்துப்பட்டதை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையும் கூடாது.

முதல் நாள் ரிமோட்டில் 6 நிமிட டைமர் வையுங்கள். இறங்கிய பிறகு சார்ஜர் எத்தனை எம்ஏஎச் ஏற்றுகிறது என்று பார்த்தால் உங்கள் விமானம் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் நேரத்தைக் கூட்டலாம்.

ஜைரோ பற்றி: என்னைக் கேட்டால் வாங்கலாம். கூட நின்று சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில் தனியாகக் கற்கிறவருக்கு, கையை எடுத்தால் தானே மட்டமாகும் வசதி விலைக்குத் தகும்.

பழைய சால்டரிங்:

மில்லிஆம்ப், எனக்கு இதில் சம்மதமில்லை. ஜைரோவை எதிர்த்திசையில் அமைத்துவிட்டால் விமானம் சாயச் சாய இன்னும் சாய்த்துக் கொல்லும், புது ஆளுக்கு அது நடக்கிறது என்றே தெரியாது. வாங்கித்தான் ஆவேன் என்றால் இந்தச் சோதனையைச் செய்யட்டும்: குச்சியைத் தொடாமல் விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைக் கீழே சாய்த்தால் வலது ஏய்லரான் கீழே போக வேண்டும், மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். அதே காசில் ரிமோட்டின் பின்புற ட்ரெய்னர் சாக்கெட்டில் மாட்டும் சிமுலேட்டர் கேபிள் வாங்கிக் கம்ப்யூட்டரில் தினம் அரை மணி ஓட்டினால் கை பழகும். கம்ப்யூட்டரில் விழுகிற விமானத்துக்குப் பசை வேண்டாம்.

மில்லிஆம்ப்:

சிமுலேட்டர் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஜைரோ விஷயத்தில் நான் நான்தான் 🙂

கணவாய்க்காற்று:

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். மற்றதெல்லாம் அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றை நம்பித்தான் உங்கள் ஊரில் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், 850 கிராம் ஃபோம் திரும்பி வராது.

காற்று இருந்தால் சுலபமாக ஏறும் என்பது பாதி உண்மை. காற்றுக்கு எதிரே விட்டால் தரையைப் பொறுத்த வேகம் குறைவாகவே போதும், அதனால் எறிவதும் இறக்குவதும் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான். ஆனால் இந்த அளவு விமானம் நிதானமாகப் பறப்பது மணிக்கு 35 கிலோமீட்டர் போல, 22, 23-க்குக் கீழே போனால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்து, விழும். காற்று 25-ல் வீசினால், எதிரே போகும்போது நத்தை மாதிரி நகரும், திரும்பினீர்களோ 35-உம் 25-உம் சேர்ந்து 60. இருபது நொடி யோசித்துக்கொண்டு நின்றால் முந்நூறு மீட்டருக்கு மேல் போயிருக்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, காற்றோடு போகும்போது வேகமாகப் போவதாகத் தோன்றி ஆட்கள் த்ராட்டிலைக் குறைப்பார்கள். இறக்கைக்கு அந்த வேகம் கிடைத்திருக்காது, பொத்தென்று விழும்.

மீட்டர் இல்லாமல் காற்றைக் கணிக்கலாம். முகத்தில் படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர், அது வரைக்கும் முதல் பறத்தலுக்குப் போகலாம். இலைகளும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடி, மெல்லிய கொடி விரிந்து நின்றால் 12-ஐத் தாண்டிவிட்டது, வீட்டுக்குப் போங்கள். விடிந்ததும் ஒரு மணி நேரம் சில நாள் அடங்கும், அதைக் காத்திருந்து பிடிக்க வேண்டும். முடிந்தால் புரட்டாசி கடைசி வரை சிமுலேட்டரோடு இருங்கள் என்றுதான் சொல்வேன்.

இடம்: ஈபி லைன் ஓரத்தை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி. கம்பியில் விமானம் மாட்டினால் தொரட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள். காற்றாலையைக் கடந்து போகும் பக்கம் காற்று சுழன்று வரும், அங்கே போகவே வேண்டாம். தென்னையில் மாட்டினால் மட்டும் பரவாயில்லை, ஏறுகிறவருக்குக் கூலி, அவ்வளவுதான்.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகளில் பொழுதுபோக்கு மாடல் விமானமும் அடக்கம். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, வியாபாரம் இல்லாமல் பறக்கவிட பைலட் லைசென்ஸ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை, கண் பார்வைக்குள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் உங்களுக்கு ரொம்ப தூரம், இருந்தாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த நிறம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பதிவு பற்றிய விதியையும் படித்துவிடுங்கள். அமராவதி அணைப் பக்கமும் புலிகள் காப்பக ஓரமும் வேண்டாம்.

பையன் விஷயம்: எறிவதை ஒரு பெரியவர் செய்யட்டும். உங்கள் விமானத்தில் ப்ராப் எறிகிற கைக்குப் பின்னால் இருக்கிறது, கையை விட்டதும் அது கைக்கு மேலாகத்தான் கடந்து போகும், விரலைத் தூக்கினால் வெட்டு. உடம்பின் அடிப்பக்கத்தைப் பிடித்து, முக்கால் த்ராட்டில், மட்டமாக, ஈட்டி எறிவது போல் நேரே முன்னால். மேல்நோக்கி எறிந்தால் அங்கேயே ஸ்டால். மோட்டார் உயரத்தில் இருப்பதால் த்ராட்டில் கூட்டும்போது மூக்கு கீழே அழுந்தும், குச்சியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுக்கத் தயாராக இருங்கள். பையனை உங்கள் பின்னால் நிறுத்தி டைமரைப் பார்த்துக் கத்தச் சொல்லுங்கள், அதுவும் பெரிய வேலைதான்.

மேலே போனதும் தென்னை உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிய பிறகே திருப்பம். உங்களை நோக்கி வரும்போது வலம் இடம் மாறிக் குழப்பும், அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். விழப்போகிறது என்று தெரிந்துவிட்டால் முதலில் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுங்கள். ஃபோமை ஒட்டிவிடலாம், ப்ராப் மண்ணில் சிக்கி மோட்டார் நின்றால் ஈஎஸ்சி எரியும்.

தென்னந்தோப்பு:

அண்ணன்களுக்கு நன்றி. ஒயரை மாற்றினேன், காற்று பின்னால் போகிறது. ஏய்லரான் இரண்டும் எதிராகத்தான் இருந்தது, மெனுவில் மாற்றிவிட்டேன். ஃபெயில்சேஃப் வேலை செய்கிறது. ஞாயிறு திட்டம் ரத்து, சிமுலேட்டர் கேபிள் ஆர்டர் போட்டாச்சு, பையன் இரண்டு நாளாகப் பேசவில்லை. ஒரே சிக்கல், இறக்கை அகலம் நீங்கள் சொன்ன 20 சென்டிமீட்டர்தான், ஆனால் பேட்டரியை மூக்கில் இடிக்கும் வரை தள்ளியும் சமநிலை 7.5 சென்டிமீட்டரில்தான் நிற்கிறது. வாலில் ஹாட் க்ளூ கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கிறேன், அதனாலா?

பழைய சால்டரிங்:

அதனால்தான். வால் சிஜியிலிருந்து தூரம், மூக்கு கிட்டம். உங்கள் விமானத்தில் வாலில் ஏறிய ஒரு கிராமை ஈடுகட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் கேட்கும். எனவே முதலில் வழிந்து நிற்கும் க்ளூவை பிளேடால் சீவி எடுங்கள், இணைப்பைத் தொடாமல். வெயிலில் காருக்குள் வைத்தால் ஹாட் க்ளூ இளகும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். அதற்கப்புறமும் 6-க்குள் வரவில்லை என்றால் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற பத்து ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் 7.7 கிராம், மூக்கின் உள்ளே டேப் போட்டு ஒட்டி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். ஆடாமல் ஒட்ட வேண்டும், பேட்டரிக்கும் வெல்க்ரோ பட்டை கட்டாயம். பறக்கும்போது பேட்டரி பின்னால் நழுவினால் இத்தனை கணக்கும் வீண்.