மறு: 'மீட்புச் சூழல்' வேண்டாம், 'தேற்றுசூழல்' சரிவருமா?

வணக்கம்.

களைத்த உடம்பையும் மனத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் இடத்தை ஆங்கிலத்தில் 'ரெஸ்டோரேட்டிவ் என்விரான்மென்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மீட்புச் சூழல்' என்று இங்கே முன்வைக்கப்பட்ட சொல் எனக்கு ஒட்டவில்லை. மீட்பு என்றால் வெள்ளமும் படகும்தான் முதலில் நினைவுக்கு வரும், இங்கே யாரும் ஆபத்தில் சிக்கியிருக்கவில்லை.

இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று பாருங்கள். சூழல் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த ரோஜர் உல்ரிக் 1984இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு: பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்த 46 பேரின் பதிவேடுகளை எடுத்து, வயது, புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி 23 இணைகளாக்கினார். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு ஜன்னலில் மரங்கள், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வீரியமான வலிமருந்தும் மரப்பக்கம் குறைவு. அழுகிறார், தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி செவிலியர் எழுதிவைத்த குறிப்புகள் சுவர்ப்பக்கம்தான் அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவமனைக் கட்டடக்கலையில் இன்றுவரை பேசப்படுகிறது.

ஆக, உடம்பும் தேற வேண்டும், மனமும் தேற வேண்டும். நம்மிடம் 'தேறு' இரண்டுக்கும் இருக்கிறதே! காய்ச்சல்காரன் தேறி வருகிறான், அழுதவளைத் தேற்றினார்கள். அப்புறம் தேற்றாங்கொட்டை: பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும். உளவியலாளர்கள் ஸ்டீபன் கப்லன், ரேச்சல் கப்லன் இருவரும் கவனத்தைப் பற்றிச் சொன்னதும் இந்தத் தெளிவைத்தான். வேலையில் வலிந்து செலுத்திய கவனம் களைத்துப்போகும், இலையசைவும் நீரோசையும் முயற்சி இல்லாமலே நம்மை ஈர்த்துவைப்பதால் அந்தக் களைப்பு தீரும்.

எனவே என் பரிந்துரை 'தேற்றுசூழல்'. 'பயிற்றுமொழி' போல வினைத்தொகை, ஆகவே 'ச்' மிகாது. 'மருத்துவமனைக்குத் தோட்டம் நல்ல தேற்றுசூழல்' என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், உறுத்தவில்லை. ஓரிடத்தின் ஆற்றலைச் சொல்லத் 'தேற்றுதிறன்' என்றும் நீட்டலாம்.

இலையசைவு போல முயற்சி இல்லாமலே மெல்ல ஈர்ப்பதைக் கப்லன்கள் 'சாஃப்ட் ஃபாசினேஷன்' என்றார்கள். அதற்கு 'மென்கவர்ச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கவர்ச்சி சினிமாப் பக்கம் போய்விட்ட சொல், 'மெல்லீர்ப்பு' போதும். மாற்றுக் கருத்து இருந்தால், அந்தச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.